பக்கவாதத்திற்குப் பிறகு கையும் காலும் திரும்புமா? கருவிகள் செய்வதும் வீடு செய்ய வேண்டியதும்

ஒருவர் பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் சில நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பினால் அன்று மாலையே வீடு நிறைந்துவிடும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் பழத்தோடு ஒரு வைத்தியத்தையும் கொண்டு வருவார்கள். எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரின் முகவரியைத் தருவார் ஒருவர். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்பார் இன்னொருவர். வளைகுடாவில் இருக்கும் மகன், ரோபோ ஒன்று நோயாளியைப் பிடித்து நடக்க வைக்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எத்தனை லட்சம் ஆனாலும் பரவாயில்லை, அத்தாவுக்கு இதைச் செய்துவிடுவோம்" என்பான்.

இத்தனை பேச்சுக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை: இன்று அந்தக் கை எத்தனை முறை அசைந்தது?

பக்கவாதம் கையிலோ காலிலோ வரும் நோய் அல்ல. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. அடைப்பால் வருவதே மிகப் பெரும்பான்மை. கையின் தசையும் எலும்பும் முன்பிருந்தபடியேதான் இருக்கின்றன. "தூக்கு" என்று கட்டளையிடும் இடம்தான் பழுதாகிவிட்டது. எனவே கையில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அது பழுதான இடத்தைப் போய்ச் சேராது. இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. ஆனால் தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்து முறுக்கும் நீவல் மூட்டையே இறக்கிவிடும். பிறகு வருகிற தோள்வலியால் நோயாளி எந்தப் பயிற்சிக்கும் உடன்பட மாட்டார்.

செத்துப்போன மூளைத் திசு மறுபடி முளைப்பதில்லை. பிறகு எப்படிச் சிலர் நடக்கிறார்கள், எழுதுகிறார்கள், பழைய வேலைக்கே திரும்புகிறார்கள்? பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. குழந்தை நடை பழகுவது போல, மீண்டும் மீண்டும் செய்துதான் மூளையும் இதைக் கற்கிறது. இந்த உண்மையை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது.

ஒரு தந்தையும் இரண்டு மகன்களும்

நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த பெத்ரோ பாக்-இ-ரீத்தாவுக்கு 1950களின் இறுதியில், 65 வயதில், பக்கவாதம் வந்தது. முகமும் உடலும் ஒரு பக்கம் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. சில வார மருத்துவமனைப் பயிற்சியில் பலன் இல்லை. மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். மறுவாழ்வுச் சிகிச்சை பற்றி ஜார்ஜுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததே நல்லதாய்ப் போயிற்று. குழந்தை முதலில் தவழ்கிறது, பிறகுதான் நடக்கிறது. அத்தாவும் தவழ்ந்தே தொடங்கட்டும் என்று முடிவு செய்தார்.

சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தவழ்ந்தார் அந்தப் பேராசிரியர். தரையில் கோலிக்குண்டை உருட்டிவிட்டு எட்டிப் பிடிக்கச் சொன்னார் மகன். பாத்திரம் கழுவும்போது தளர்ந்த கையால் வலஞ்சுழியாக 15 நிமிடம், இடஞ்சுழியாக 15 நிமிடம் தேய்க்க வேண்டும். ஒரு பெரிய மனிதரை நாய் போலத் தவழ விடுகிறார்களே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். ஏறக்குறைய ஓராண்டில் அவர் மறுபடி கல்லூரியில் முழுநேரம் பாடம் நடத்தினார். 72 வயதில் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார்.

இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோதுதான் வியப்பு. பக்கவாதத்தால் ஏற்பட்ட சேதம் அப்படியே இருந்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பு வழியில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. அதாவது, புண் ஆறியதால் அவர் எழுந்து நடக்கவில்லை; மிஞ்சியிருந்ததை வைத்துக்கொண்டு மூளை வேறு வழி கண்டிருந்தது. இன்னொரு மகனான பால், மருத்துவர். அதன்பின் தம் வாழ்நாளை மூளையின் இந்தத் தகவமைப்பை ஆராய்வதிலேயே செலவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. சேதத்தின் அளவும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்த அக்கம்பக்கத்தாரின் சொல்லை நம் வீடுகளில் இன்றும் கேட்கலாம். "வாப்பாவை ஏன் இப்படிக் கஷ்டப்படுத்துகிறீர்கள்? உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?"

பாசம் செய்யும் கேடு

உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், குரங்குகளில் ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். கையை அசைக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் குரங்குகள் அந்தக் கையைக் கைவிட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, கைவிட்ட கையை மறுபடி பயன்படுத்தத் தொடங்கின. தொடக்கத்தில் முயன்று தோற்றுத் தோற்று, "இந்தக் கை உதவாது" என்று மூளை கற்றுக்கொள்கிறது; பிறகு உண்மையிலேயே அசைக்க முடிகிற காலம் வந்தாலும் முயல்வதில்லை.

இதிலிருந்து பிறந்த சிகிச்சை எளிமையானது. நல்ல கையில் தடித்த கையுறை மாட்டிவிடுவார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தளர்ந்த கையால்தான் எல்லா வேலையும். கூடவே நாளெல்லாம் மணிக்கணக்கில் பயிற்சி. இப்படி 2 வாரங்கள். அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. இந்த முறையில் பழகியவர்களின் கை மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது விரிய வேண்டும். அறவே அசையாத கைக்கு இது பொருந்தாது. தடுமாறி விழக்கூடியவருக்கு நல்ல கையைக் கட்டுவதும் ஆபத்து. எனவே வீட்டில் நாமாகத் தொடங்கிவிடக் கூடாது.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். தண்ணீரை வாயில் ஊற்றுகிறோம், சட்டையை மாட்டிவிடுகிறோம், கைலியைக் கட்டிவிடுகிறோம், சோறு ஊட்டுகிறோம். வலது கை விழுந்தவர்கள் பலர், இடக்கையால் உண்ணக் கூச்சப்பட்டே ஊட்டிவிடச் சொல்கிறார்கள். இயலாதவருக்கு அதில் குற்றமில்லை என்று எடுத்துச் சொல்வதோடு நிறுத்தாமல், தடித்த பிடியுள்ள ஸ்பூன் ஒன்றை வலக்கையில் கொடுத்து, இடக்கையால் அதைத் தாங்கச் சொல்லிப் பழக்கலாம். முதல் வாரம் பாதிச் சோறு மடியில்தான் விழும். விழட்டும்.

32 என்ற எண்

எத்தனை முறை செய்தால் மூளை கற்கும்? அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோ 1996இல் வெளியிட்ட குரங்கு ஆய்வில், மூளையில் கைக்குரிய இடத்தில் சிறு சேதம் ஏற்படுத்தப்பட்டது. சிறிய குழிகளிலிருந்து உணவு உருண்டையை விரலால் எடுக்கும் பயிற்சியை நாள்தோறும் பெற்ற குரங்குகளில், கைக்குரிய மீதி இடம் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில், முன்பு தோளுக்கும் முழங்கைக்கும் உரியதாக இருந்த பகுதியிலும் அது பரவியது. இவ்வகைப் பயிற்சிகளில் குரங்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டுகிறது.

மனிதர்களுக்கு என்ன கிடைக்கிறது? 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை அறைக்குள்ளேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பயிற்சி வேளையில், பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32. அதுவும் வசதியுள்ள வட அமெரிக்க மருத்துவமனைகளில். நம் ஊரில் வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து அரைமணி நேரம் செய்துவிட்டுப் போனால் என்ன எண்ணிக்கை வரும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மனிதரால் 400 முறை இன்னொருவரின் கையைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

ரோபோக்கள் வந்த காரணம் இதுதான். அவை களைப்பதில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1989இல் தொடங்கிய முயற்சியில் உருவானது எம்ஐடி-மானஸ் என்ற கருவி. நோயாளி அதன் பிடியில் கையை வைத்துக்கொண்டு திரையில் ஒரு புள்ளியை நகர்த்துவார். அவரால் முடிந்தவரை அவரே நகர்த்த வேண்டும். தடுமாறும் இடத்தில் மட்டும் இயந்திரம் உதவும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான அசைவுகள். காலுக்கு, மேலிருந்து பட்டையால் தாங்கிப் பிடித்து ஓடுபொறியில் நடக்க வைக்கும் லோகோமேட் போன்றவை வந்தன. மகன் அனுப்பிய வீடியோவில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த மகன் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் இதே எம்ஐடி-மானஸ் வகைக் கருவியைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரம் ரோபோவில் பழகியவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும், அன்றாடக் கைவேலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திரையில் புள்ளியை நகர்த்தப் பழகிய கை, புள்ளியை நகர்த்துவதில் தேறியது. தேநீர்க் கோப்பையைத் தூக்குவது வேறு வேலை. இயந்திரம் பயன்றது என்பதல்ல இதன் பொருள். அதில் பெற்ற அசைவை உடனே அன்றாட வேலைக்குக் கொண்டுவரும் சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாவிட்டால், ரோபோ விலை உயர்ந்த விளையாட்டுச் சாமானாகிவிடும். "உங்களிடம் ரோபோ இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் தருவார்?" என்று கேட்பது நல்லது.

சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ என்ற கைப்பயிற்சிக் கருவி நமக்கு நெருக்கமானது. மேசைமேல் வைக்கலாம். ஒரே மோட்டாரில் பிடியை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று வெவ்வேறு அசைவுகளைப் பழகலாம். பெரிய மருத்துவமனையின் ஓர் அறையையே அடைக்கும் கருவிகளை விட, வீட்டுக்கும் சிறிய கிளினிக்குக்கும் வரக்கூடிய இத்தகைய கருவிகள்மீதுதான் நமக்கு நம்பிக்கை அதிகம்.

நூறு ரூபாய்க் கண்ணாடி

விலை குறைந்த ஒரு கருவியும் உண்டு. அதன் மூலவர் தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ்.ராமச்சந்திரன், வெட்டி எடுக்கப்பட்ட கையில் வலிப்பதாக உணர்கிறவர்களுக்காக 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். அதே யோசனை 1999இல் பக்கவாத நோயாளிகள் 9 பேரிடம் சோதிக்கப்பட்டது. மார்புக்கு நேராக நடுவில் கண்ணாடியை நிறுத்தி, தளர்ந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், தளர்ந்த கை அசைவது போலத் தெரியும். அந்தத் தோற்றமே மூளையைத் தூண்டுகிறது. பின்னால் இருக்கும் கையையும் முடிந்தவரை அதேபோல் அசைக்க முயல வேண்டும். 2018இல் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்ப்பது கை கால் அசைவுக்கு உதவுகிறது என்றே தெரிந்தது. அறவே அசையாத கைக்கும் இதைத் தொடங்கலாம் என்பது இதன் சிறப்பு. முதல் சில நாட்கள் சிகிச்சையாளர் முன்னிலையில் பழகிக்கொண்டால் போதும்.

நரம்பைத் தூண்டும் முறைகள்

சமீப ஆண்டுகளில் வந்தவற்றுள் உறுதியான சான்று உள்ளது, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டும் முறை. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்ற சிறு கருவியை மார்பில் தோலுக்கடியில் பதித்து, அதன் கம்பியைக் கழுத்து நரம்போடு இணைக்கிறார்கள். நோயாளி கையால் ஒரு பொருளை எடுக்கும் அதே கணத்தில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துவார். அரை வினாடி மின்தூண்டல் போகும். "இப்போது செய்தாயே, இதை நினைவில் வை" என்று மூளைக்குச் சொல்வது போன்ற ஏற்பாடு. 2021இல் வெளியான ஆய்வில் 108 பேர் பங்கேற்றனர். எல்லோருக்கும் கருவி பதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான தூண்டல். பயிற்சி எல்லோருக்கும் ஒன்றே. பயன்தரும் அளவுக்குத் தேறியவர்கள் தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதம், பெறாதவர்களில் 24 சதவீதம். அவ்வாண்டே அமெரிக்க அரசின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி தந்தது. இந்த 108 பேரும் பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 ஆண்டு வரை ஆனவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் வராது" என்று கைவிரிப்பது சரியல்ல என்பதற்கு இது ஒரு சான்று. தூண்டல் இல்லாமல் வெறும் பயிற்சியிலேயே 24 சதவீதம் பேர் தேறியதையும் மறந்துவிடக் கூடாது.

அதே ஆண்டு அனுமதி பெற்ற இன்னொரு கருவி, தலையில் அணியும் தொப்பி வழியே மூளையின் மின்னலைகளைப் படிக்கிறது. "கையை விரிக்க வேண்டும்" என்று நோயாளி நினைத்ததும், கையில் மாட்டிய இயந்திரப் பிடி விரிந்துகொடுக்கும். எண்ணமும் அசைவும் மறுபடி இணையப் பழகுகின்றன. 2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் மெல்லிய மின்முனைகளை வைத்து, மூளையிலிருந்து வரும் பலவீனமான கட்டளைக்கு வலுவூட்டினர். இரண்டே பேரிடம், 29 நாட்கள் நடந்த சோதனை. தூண்டல் தொடங்கியதுமே கை நன்றாக நீண்டது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் இரண்டு பேரிடம் செய்ததை நம்பி வீட்டை அடகு வைக்க முடியாது.

எப்போது தொடங்குவது?

முதல் நாளிலேயே நோயாளியை எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தால் நல்லது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கிய கடும் பயிற்சி, வழக்கமான பராமரிப்பைவிட மோசமான பலனையே தந்தது. எனவே முதல் ஓரிரு நாள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு தாமதிக்கக் கூடாது. 72 பேரிடம் வெவ்வேறு காலத்தில் 20 மணி நேரக் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், பக்கவாதம் வந்து 2 முதல் 3 மாதங்களில் பெற்றவர்களின் கைதான் மிக நன்றாகத் தேறியது. நம் குடும்பங்களில் அந்த மாதங்கள்தான் எண்ணெய்க்கும் புறாவுக்கும் போய்விடுகின்றன.

அந்தக் காலம் கடந்தவர்கள் மனம் தளர வேண்டாம். லண்டனில் ஒரு மருத்துவமனையில் 3 வாரத்தில் 90 மணி நேரக் கைப்பயிற்சி தருகிறார்கள். பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்களும் அதில் தேறினார்கள். 6 மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. தாமதமானால் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

வீட்டில்

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களையே பயிற்சி தரச் செய்தால் போதாதா? இந்தியாவில்தான் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். முடிவு 2017இல் வந்தது. 6 மாத இறுதியில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் இரு தரப்பிலும் 47 சதவீதம். குடும்பத்தின் உழைப்பு பயனற்றது என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தில் குடும்பத்தை நிறுத்தி, அதைச் செலவு குறைந்த வழியாக்கிவிட முடியாது. சிகிச்சையாளர் வகுத்துக் கொடுப்பதை மீதி 23 மணி நேரமும் நடத்துவது நம் வேலை.

சிகிச்சையாளருக்கு எங்கே போவது? தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். தங்கிப் பயிற்சி பெறக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் உழைப்பில் எழுந்தது அது.

பயிற்சி என்றதும் ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து விடுகிறோம். பந்தைப் பிசைவதால் பந்து பிசையும் திறமை வரும். பலருக்கு விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகிப் போயிருக்கும், அவர்களுக்குத் தேவை விரிப்பதுதான். நோயாளி எதைச் செய்ய ஏங்குகிறாரோ அதையே பயிற்சியாக்குங்கள். பெரும்பாலான நம் பெரியவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது தொழுகையைத்தான். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதும் உட்காருவதும் காலுக்கு அருமையான பயிற்சி. குழாயைத் திறப்பது, இரு கைகளையும் சேர்த்து நீர் அள்ளுவது, முகம் கழுவுவது என்று ஒளுவின் ஒவ்வொரு செயலும் கைப்பயிற்சியே. ஈரத் தரையில் மட்டும் தனியாக விடாதீர்கள். உட்கார்ந்தே ஒளு செய்ய ஒரு நாற்காலியும், சுவரில் ஒரு கைப்பிடியும் போதும். தரையில் சஜ்தா செய்ய அவசரப்பட வேண்டாம். தரையிலிருந்து எழும் முறையைச் சிகிச்சையாளர் கற்றுத்தரும்வரை நாற்காலித் தொழுகையின் சலுகை இருக்கிறது. தஸ்பீஹ் மணியைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவது, உடல் தேறிய பின் விரல் நுனிகளுக்கு நல்ல வேலை.

படுக்கையிலிருந்து எழுப்பும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகையும் இடுப்பையும் தாங்குங்கள். உட்காரும்போது அந்தக் கை தொங்காமல் தலையணைமேல் இருக்கட்டும். விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டாமல் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை "இப்போது நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்துவதும், ரமலானில் மருத்துவரைக் கேட்காமல் வேளையை மாற்றுவதும் இரண்டாவது பக்கவாதத்துக்கு வழி. வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது மறுபடி தெரிந்தால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நோயாளி பயிற்சிக்கு மறுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால், பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பேரப் பிள்ளையிடம் தஸ்பீஹ் எண்ணும் சிறு கவுண்டர் ஒன்றைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா டம்ளரை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு தடவை அழுத்தட்டும். இரவில் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் 15 ஆக இருக்கலாம். அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும்போது, மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் அவரிடம் காட்டுங்கள்.